கை அறிந்த மூலை

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் உங்களுக்குக் கணினித் திரையைக் காட்ட முடியாது. ஆனால் இன்று நான் பேசவிருக்கும் விஷயத்துக்குக் கண் அவ்வளவாகத் தேவையில்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, மவுஸை இடது மேல் மூலைப் பக்கமாக ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். அம்புக்குறி எங்கே போய் நிற்கும்? மூலையில்தான். கேரம் பலகையில் சட்டத்தில் பட்ட காய் திரும்பி வந்துவிடும். திரையின் விளிம்பில் பட்ட அம்புக்குறி அங்கேயே நின்றுவிடும்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். மூலப் பிரதி ஒரு விண்டோவில், தமிழ்ப் பிரதி இன்னொன்றில், அகராதிகள் இரண்டு, மின்னஞ்சல் ஒன்று. சாயங்காலத்துக்குள் பதினைந்து விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அகராதி எல்லாவற்றுக்கும் அடியில் போயிருக்கும். அதைத் தேடி எடுப்பதற்குள், நாக்கு நுனியில் இருந்த சொல் போயே போய்விடும். இந்த வேதனை தாங்காமல்தான் மூலைகளின் பக்கம் வந்தேன்.

1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, கையிலிருக்கும் கோலால் மாறி மாறித் தட்டச் சொன்னார். தகடு சிறுக்கச் சிறுக்க, தூரம் கூடக் கூட, கைக்கு நேரம் அதிகமானது. கணினித் திரைக்கும் இதே கணக்குதான். சின்னப் பட்டனைக் குறிபார்க்கக் கை வேகத்தைக் குறைத்து, நிதானித்து, திருத்திக்கொள்ள வேண்டும். மூலைக்கு அது வேண்டாம். இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் கைக்கு அது மிகப் பெரிய இலக்கு.

2003-ல் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினியில் எக்ஸ்போசே என்ற வசதியைக் கொண்டுவந்தது. அம்புக்குறியை மூலையில் கொண்டுபோய் முட்டினால், திறந்திருக்கும் விண்டோ எல்லாம் சுருங்கி, சீட்டுக்கட்டை விரித்ததுபோலத் திரையில் பரவும். வேண்டியதைக் கிளிக் செய்தால் அது முன்னால் வரும். இப்போது அதன் பெயர் மிஷன் கண்ட்ரோல். சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதிக்குப் போனால், அடியில் ஹாட் கார்னர்ஸ் இருக்கும். எந்த மூலைக்கு என்ன வேலை என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். நான் இடது கீழ் மூலையில் மிஷன் கண்ட்ரோலை வைத்திருக்கிறேன். வலது கீழ் மூலை திரையைப் பூட்டும். மேல் மூலைகள் இரண்டையும் வெறுமனே விட்டுவிட்டேன். மெனுவைத் தேடி அடிக்கடி மேலே போகிற கை, தெரியாமல் அங்கே முட்டிவிடும். அப்படியும் தொந்தரவு என்றால், வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது கமாண்ட் விசையை அழுத்திக்கொள்ளுங்கள். பிறகு அந்த விசையோடு முட்டினால் மட்டுமே மூலை வேலை செய்யும்.

உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் மல்டிடாஸ்கிங் பகுதிக்குப் போய் ஹாட் கார்னரை இயக்கினால், இடது மேல் மூலை இதேபோல விண்டோக்களை விரித்துக் காட்டும்.

விண்டோஸின் கதை வேறு. 2012-ல் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டு அந்த வேலையை மூலைக்குள் ஒளித்து வைத்தது. திரையில் ஓர் அடையாளமும் கிடையாது. பழகிய இடத்தில் பட்டனைக் காணாமல் பலர் தவித்தார்கள். அடுத்த ஆண்டே 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. மூலை என்பது நாமாக விரும்பி வைத்துக்கொள்ளும் குறுக்குவழியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு அது ஒன்றே வாசலாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போதைய விண்டோஸிலும் மூலைக்கு வேலை உண்டு. ஒரு விண்டோவை அதன் தலைப்பட்டையில் பிடித்து இழுத்து மூலையில் முட்டி விடுங்கள். அது திரையின் கால் பங்கில் கச்சிதமாகப் போய் உட்காரும். நான்கு மூலைக்கு நான்கு.

என் அப்பாவுக்கு 74 வயது. கை நடுக்கம் உண்டு. விண்டோவை மூடும் பெருக்கல் குறியைப் பிடிக்க முடியாமல், யாராவது வரட்டும் என்று காத்திருப்பார். "குறிபார்க்காதீங்கப்பா, வலது மேல் மூலைக்குத் தள்ளிட்டு ஒரு கிளிக் பண்ணுங்க" என்றேன். விண்டோஸில் திரை முழுக்க விரிந்திருக்கும் விண்டோ அப்படியே மூடிக்கொள்ளும். இப்போதெல்லாம் அவர் யாரையும் கூப்பிடுவதில்லை.

வணக்கம்.