வலிக்காத கட்டியும் இளைஞர்களும்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் சிறுநீரியல் அறுவை மருத்துவராகப் பணியாற்றும் நான் இன்று பேச வந்திருப்பது, ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகள்கூடத் தங்களுக்குள் பேசிக்கொள்ளாத விதைப்பைப் புற்றுநோயைப் பற்றி. குடும்பத்தோடு கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து வானொலியை அணைத்துவிட வேண்டாம். தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியும் இதில் உண்டு.

புற்றுநோய் என்றதும் நமக்கு முதுமைதான் நினைவுக்கு வருகிறது. இந்த நோயோ 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே அதிகம் தாக்குகிறது. தேசிய சேவைக்குச் சென்று, வேலையில் அமர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெறுகிற பருவம் அது. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் உலக அளவில் இது ஏறத்தாழ 100-க்கு 1 தான். நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் மிகுதியாகவும் ஆசியர்களிடையே குறைவாகவும் காணப்படுகிறது. இப்படி அரிதாக இருப்பதே ஒரு வகையில் ஆபத்தாகிவிடுகிறது. கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும், நமக்கெல்லாம் இது வராது என்று மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது கைக்குழந்தைகளைப் பற்றி. தாயின் கருவில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் விதைப்பைக்குள் இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கு ஒன்றோ இரண்டுமோ இறங்காமல் நின்றுவிடுவதுண்டு. குறைமாதக் குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாக இறங்கிவிடும். அதன் பிறகும் இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து விதையைக் கீழே கொண்டுவந்து பொருத்துவதே முறை. வளர வளரச் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வதைக் கேட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள். பருவமடைவதற்கு முன்பே சரிசெய்யப்பட்டவர்களைவிட, காலந்தாழ்த்திச் செய்துகொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது. சிறு வயதில் இந்தச் சிகிச்சை நடந்ததே தெரியாமல் வளர்ந்த ஆண்களும் இருக்கிறார்கள். கவட்டில் பழைய தழும்பு இருந்தால், அது எதனால் வந்தது என்று உங்கள் தாயாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தில் ஏற்கெனவே இந்நோய் வந்தவர்கள், தந்தைக்கோ உடன்பிறந்தவனுக்கோ வந்திருப்பவர்கள், பிள்ளைப்பேறின்மைக்காகப் பரிசோதிக்கப்பட்டு விந்தணுக் குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையாலோ இறுக்கமான உள்ளாடையாலோ இது வருவதில்லை. பந்து பட்டதால் கட்டி வந்தது என்று சொல்பவர்கள் பலர். உண்மையில், அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் முன்பே இருந்த கட்டி தெரிய வருகிறது.

எல்லா ஆண்களும் தங்களை முறையாகச் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்பதில் மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2011-இல் அறிவித்தது. நாள் குறித்துச் சோதிக்க வேண்டும் என்று நானும் வற்புறுத்த மாட்டேன். ஆனால், தன் உடல் இயல்பாக எப்படி இருக்கும் என்பதை அறிந்தவனுக்குத்தான் மாற்றம் புலப்படும். வெந்நீரில் குளித்த பின், தோல் தளர்ந்திருக்கும்போது, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே ஒவ்வொரு விதையையும் மெல்ல உருட்டிப் பாருங்கள். அவித்து உரித்த காடை முட்டையைப் போல வழுவழுப்பாக இருக்க வேண்டும். பின்புறம் மெத்தென்று தட்டுப்படும், விந்தணுவைக் கொண்டுசெல்லும் சுருள்குழாய் இயற்கையானது. அதைக் கட்டி என்று எண்ணிப் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒன்று சற்றுப் பெரிதாக இருப்பதும் தாழ்ந்து தொங்குவதும் இயல்பே. விதையின் மேலேயே வலியில்லாமல் கெட்டியாக ஒரு முடிச்சோ, புதிதாக ஒரு வீக்கமோ கனமோ தோன்றினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிலருக்கு மார்பகம் வீங்கும், அடிவயிற்றில் மந்தமான வலி இருக்கும், நோய் பரவிய நிலையில் முதுகுவலியோ இருமலோ விடாது. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: திடீரென்று பொறுக்க முடியாத வலி வந்தால் அது பெரும்பாலும் வேறு சிக்கல், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அவசர சிகிச்சைப் பிரிவை அடைந்தால்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

பரிசோதனை எளிமையானது. மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். பிறகு வலியில்லாத அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனை. ஐயம் வலுத்தால் ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை, நோயணுக்கள் வேறு பாதையில் பரவக்கூடும் என்பதால். கவட்டில் கீறி விதையை முழுமையாக எடுத்துத்தான் சோதிக்கிறோம். கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். ஆயினும், எஞ்சிய ஒன்று நலமாக இருந்தால் ஆண்மைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். கீமோதெரபி எனும் மருந்துச் சிகிச்சை தேவைப்படுவோர் அதற்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

1970-களுக்கு முன், பரவிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியவில்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் 1974-இல் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாக மாறியது. இன்று தொடக்க நிலையில் வருவோரில் ஏறக்குறைய எல்லோரும் குணமடைகிறார்கள். பரவிய பின்பும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆனால், தாமதித்தவர் அதற்காகப் பல மாத மருந்துச் சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் தாங்க வேண்டியிருக்கிறது.

விடுதிகளில் தங்கி வேலை செய்யும் தமிழகத் தம்பிகளிடம் தனியே ஒரு வார்த்தை. நீங்கள்தான் இந்த வயதினர். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் ஊழியருக்கு, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்காகவும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்காகவும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி காப்புறுதியை முதலாளி எடுத்திருக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் இங்குள்ள விதி. மருத்துவ நிலையத்தின் முகப்பில் இருப்பவரிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. ஆண் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, உள்ளே சென்றதும் கட்டி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நன்றி, வணக்கம்.