என்ன வேலை என்று தெரியாதவர்கள் என்ன படிப்பது?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு நூலக அரங்கில் பேசியது. கொஞ்சம் சீர் செய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பெற்றோர்கள் முன்வரிசையில், பிள்ளைகள் கடைசி வரிசையில், நடுவில் நாலு வரிசை காலி. காலேஜுக்குப் போகப் போவது யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பரவாயில்லை, அப்படியே இருங்கள். நான் கடைசி வரிசையைப் பார்த்தே பேசுகிறேன், முன்வரிசைக்கும் கேட்கும்.

ரிசல்ட் வந்ததிலிருந்து மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர் வரைக்கும் உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். "அடுத்து என்ன பண்ணப் போற?" தெரியவில்லை என்று சொன்னால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பதுபோலப் பார்ப்பார்கள், ஆளுக்கொரு மருந்தும் சொல்வார்கள். தெரியாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? பதினேழு வயதில் நீங்கள் நேரில் பார்த்த வேலைகள் எத்தனை? டீச்சர், டாக்டர், நர்ஸ், போலீஸ், பேங்க் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், அப்புறம் அப்பா அம்மா செய்கிற வேலை. சாஃப்ட்வேர் வேலையைக்கூட யாரும் பார்த்ததில்லை, அக்கா லேப்டாப்பை மூடிவிட்டு எரிச்சலோடு சாப்பிட வருவதைத்தான் பார்த்திருப்பீர்கள். இதை வைத்துக்கொண்டு அடுத்த நாற்பது வருஷத்துக்கு முடிவெடு என்றால் எப்படி?

அதனால் நான் சொல்ல வந்தது இதுதான். என்ன வேலை என்பது ஒரு கேள்வி, என்ன படிப்பு என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் இல்லாமலேயே இரண்டாவதுக்கு நல்ல பதில் கண்டுபிடிக்கலாம். மருத்துவம், நர்சிங், ஆர்க்கிடெக்சர் மாதிரி சிலவற்றில் படிப்பும் வேலையும் ஒன்றோடொன்று கட்டிப் போட்டவை. அவற்றில் உறுதியாக இருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் கேன்டீனுக்குப் போய் டீ குடிக்கலாம். மற்றவர்கள் இதைக் கவனியுங்கள். யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வு எழுத ஏதாவது ஒரு டிகிரி போதும். டிஎன்பிஎஸ்சி குரூப் 1-லும் குரூப் 2-லும் பெரும்பாலான பதவிகளுக்கு அப்படித்தான். பேங்க் ஆபீசர் தேர்வு, எம்பிஏ, மூன்று வருஷ சட்டப் படிப்பு, எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு டிகிரி. கேம்பஸுக்கு வந்து கும்பலாக ஆள் எடுக்கும் ஐடி கம்பெனிகளில்கூட மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரானிக்ஸ் (இசிஇ) எல்லாம் ஒரே ஹாலில் உட்கார்ந்துதான் டெஸ்ட் எழுதுகிறார்கள். கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் இல்லையா என்பதைத்தான்.

அப்படியானால் எதை எடுத்தாலும் ஒன்றா? இல்லை. சில கதவுகள் சத்தமில்லாமல் மூடும். கணக்கை விட்டுவிட்டுப் போனவர் பின்னால் எம்சிஏ என்ற கம்ப்யூட்டர் மேற்படிப்பில் சேர நினைத்தால், பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் இருந்ததா என்று சில இடங்களில் கேட்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஆசிரியராக வேண்டுமானால் அந்தப் பாடத்திலேயே டிகிரி வேண்டும், அதற்கு மேல் பி.எட். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. கவர்ச்சியான பெயர் வைத்த புதுப் படிப்புகள். அரசு வேலைக்குப் போகும்போது இந்த டிகிரி அந்த டிகிரிக்கு இணையானதா என்ற கேள்வி வரும், இணையில்லை என்று அரசாணையே போட்ட படிப்புகள் உண்டு. பெயர் புதிதாக இருந்தால் சேருவதற்கு முன்னாலேயே அந்தக் கல்லூரியில் இதைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பி.காம். சி.ஏ. என்பதை ஆடிட்டர் படிப்பு என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டு, அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று முதல் செமஸ்டரில் தெரிந்துகொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் சொல்லும் வழி ரொம்பச் சாதாரணமானது, அதனாலேயே யாரும் செய்வதில்லை. பாடத்திட்டத்தை எடுத்துப் படியுங்கள். கல்லூரி பிரவுச்சர் வேறு, பாடத்திட்டம் வேறு. பிரவுச்சர் ஜவுளிக்கடை பொம்மைக்குக் கட்டிய புடவை மாதிரி, எதைக் கட்டினாலும் அழகாகத்தான் இருக்கும். பல்கலைக்கழக இணையதளத்தில் சிலபஸ் இலவசமாகக் கிடக்கிறது. முதல் செமஸ்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை என்ற இன்ஜினியரிங் பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டால், முதல் செமஸ்டர் எந்தப் பிராஞ்சுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தது: கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், ஆங்கிலம், தமிழர் மரபு என்று ஒரு பாடம். மூன்றாவது செமஸ்டரில்தான் ரோடு நன்றாகப் பிரிந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். மெக்கானிக்கலில் தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், உலோகங்களைப் பற்றிய ஒரு பாடம். இந்தப் பெயர்களில் ஒன்றை எடுத்து என்பிடெல் தளத்தில் தேடுங்கள், ஐஐடி பேராசிரியர்கள் நடத்திய வகுப்புகள் காசில்லாமல் கிடைக்கும். ஒரு வகுப்பு முழுக்கப் பாருங்கள். புரியவேண்டும் என்று அவசியமில்லை, பாதி புரியாது. பத்தாவது நிமிஷத்தில் கை தானாக இன்ஸ்டாகிராமுக்குப் போகிறதா, இல்லை "இது ஏன் இப்படி?" என்று ஒரு தடவையாவது பின்னால் தள்ளிப் பார்த்தீர்களா, அதைக் கவனித்தால் போதும். ஆப்டிட்யூட் டெஸ்டுக்குப் பணம் கட்டுவதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

கலை, அறிவியல் படிப்புகளுக்கும் இதே வழிதான். சைக்காலஜி என்றால் நண்பர்களின் கவலையைக் கேட்டு ஆறுதல் சொல்வது என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. சிலபஸில் புள்ளியியல் இருக்கும், மூளையும் நரம்பும் இருக்கும். எகனாமிக்ஸில் கணக்கு இருக்கும். அது தெரிந்தும் பிடித்தால் தாராளமாக வாருங்கள்.

முன்வரிசைக்கு ஒரு வார்த்தை. "இப்போ எதுக்கு மவுசு?" என்று கேட்கிறீர்கள். 2014, 2015 வாக்கில் இதே இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் மெக்கானிக்கலுக்குத்தான் அடிதடி. அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ், இப்போது ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். மவுசு சேரும் வருஷத்தில் இருப்பது, பிள்ளை வெளியே வருவது நாலு வருஷம் கழித்து. அந்த நாலு வருஷத்தில் எது ஏறும் எது இறங்கும் என்று சொல்லும் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை, சந்தித்தால் முதலில் ஷேர் மார்க்கெட் பற்றிக் கேட்பேன்.

அடுத்தது பணம். இதை மேடையில் பேசுவதற்கு ஏனோ எல்லோருக்கும் கூச்சம். உறுதியில்லாத பிள்ளைக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சங்களைக் கொட்டிச் சீட்டு வாங்குவதைவிடத் தப்பான முடிவு கிடையாது. நிச்சயமாகத் தெரிந்தவர் கடன் வாங்கிப் படிக்கலாம். தெரியாதவர் மேல் கடனை ஏற்றினால், இரண்டாம் வருஷத்தில் "இது எனக்கு இல்லை" என்று புரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பித்துவிடும், அப்போது முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான், யோசிக்க நேரம் கிடைக்காது. அரசு கலைக் கல்லூரியில் வருஷக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, 2024-லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். உறுதி இல்லையா, மலிவான, நல்ல, அடிப்படையான படிப்பாகப் பாருங்கள். கணிதம், இயற்பியல், புள்ளியியல், பொருளாதாரம், வணிகவியல். பெயரில் பளபளப்பு இருக்காது, அங்கிருந்து நாலு பக்கமும் போகலாம்.

அப்படிப் போனவர் ஒருவரைச் சொல்கிறேன். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன். நோபல் கதை சொல்லி உங்களை உசுப்பேற்ற வரவில்லை, அது லட்சத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது. என் கவனமெல்லாம் 1976-ல். அந்த வருஷம் அவர் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்குகிறார். வாங்கிய கையோடு, தனக்குப் பிடித்தது உயிரியல் என்று தோன்றி, கலிபோர்னியாவில் மறுபடி மாணவராகப் போய்ச் சேர்கிறார். கடைசியில் 2009-ல் பரிசு வந்தது வேதியியலுக்கு. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஒரு மனுஷனுக்கு மாற்றிக்கொள்ளத் தோன்றியிருக்கிறது, பிளஸ் டூ முடித்த உங்கள் பையன் தடுமாறுவதைக் குற்றம் மாதிரிப் பேசாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. எதுவும் படிக்காமல் காத்திருந்து அவர் உயிரியலுக்குப் போகவில்லை. இயற்பியலை முழுசாகப் படித்துவிட்டுத்தான் போனார். இது கடைசி வரிசைக்கு. தெரியவில்லை என்பதைச் சொல்லிக்கொண்டே மூன்று வருஷம் அரியர் வைத்தால், ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று நான் முதலில் சொன்ன அத்தனை கதவும் சேர்ந்தே மூடும்.

கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் பிராஞ்ச் வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கைப் பிள்ளைகளே உட்கார்ந்து செய்யுங்கள். பிரவுசிங் சென்டர் அண்ணன் கை போன வரிசையில் கல்லூரிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, அலாட்மென்ட் வந்த பிறகு அழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி சதவீதத்தையும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, கேள்விப்படாத கல்லூரியை உள்ளே போடும் முன் அதை ஒரு தடவை பாருங்கள்.

இனி கேள்விகள் கேட்கலாம். இத்தனை கட் ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், போன வருஷப் பட்டியல் கவுன்சலிங் தளத்திலேயே இருக்கிறது. முதல் கேள்வி கடைசி வரிசையிலிருந்து வரட்டும்.