பொற்பாதம் பணியாத மனு

(வியாசர்பாடியில் ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், ஜெய் பீம்.

முன்வரிசையில் குரூப் 4 படிக்கும் தம்பி தங்கைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அரசமைப்புச் சட்டத்தில் அடிப்படைக் கடமைகள் எத்தனை? பதினொன்று. சரி. அந்தப் பதினொன்றில், வரைவுக்குழுத் தலைவராக இருந்தபோது அம்பேத்கர் சேர்த்தவை எத்தனை?

யாரும் வாயைத் திறக்கக் காணோம். விடை பூஜ்யம். முதல் பத்தும் 1976-இல், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது, 42-ஆவது திருத்தத்தில் வந்தவை. பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்புத் தர வேண்டும் என்ற பதினொன்றாவது 2002-இல் சேர்ந்தது. பாபாசாகேப் 1956-லேயே போய்விட்டார்.

அப்படியானால் குடிமக்களுக்குக் கடமையே கிடையாது என்று நினைத்தாரா? 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியதைப் படித்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். சுதந்திரம் வந்துவிட்டது, இனி எது கெட்டாலும் வெள்ளைக்காரன்மேல் பழி போட முடியாது, நம்மைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்றார். இதைவிடக் கனமான கடமை என்ன இருக்கிறது?

அதே உரையில் ஒரு எச்சரிக்கை வருகிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்னதை எடுத்துக்காட்டி, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரத்தை வைத்துவிடாதீர்கள் என்கிறார். நாட்டுக்கு உழைத்தவர்களுக்கு நன்றி சொல்வதில் தப்பில்லை, ஆனால் நன்றிக்கும் ஒரு எல்லை உண்டு. மதத்தில் பக்தி ஆன்மாவைக் கரையேற்றலாம். அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கூட்டிப் போகும். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறவர்களில் நானும் ஒருவன், இந்த எச்சரிக்கை எனக்கும் சேர்த்துத்தான். அவர் காலடி என்பதற்காக அதற்கு விலக்கு கிடையாது.

காலடி என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருவுக்கு இரண்டு வாரமாகத் தண்ணீர் லாரி வரவில்லை. அம்மாவும் நான்கைந்து பெண்களும் ஒரு அலுவலகத்துக்குப் போனார்கள், கூட நானும். வாசலில் மேஜை போட்டிருந்த பெரியவர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதிக் கொடுத்தார். "தங்கள் பொற்பாதம் பணிந்து எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்தார். உள்ளே இருந்தவருக்கு அம்மாவின் தம்பி வயதுகூட இருக்காது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா மனசு வைக்கணும்" என்றாள். அவர் பேப்பரைப் பிரிக்காமலே "பாக்கலாம், போம்மா" என்றார். லாரி வந்ததா இல்லையா என்பது எனக்கு மறந்துபோச்சு. அந்தக் கும்பிடு மறக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் மில்லை மேற்கோள் காட்டினால் அது தத்துவம். நம் தெருவில் அது மனுவின் முதல் வரி.

அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் முன்வரிசையில் இருக்கும் நீங்கள் நாளைக்கு அங்கே போய் உட்காரப் போகிறீர்கள். 1919-இல், வாக்குரிமையை யாருக்குக் கொடுப்பது என்று விசாரிக்க வந்த சவுத்பரோ குழுவின் முன்னால் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். வயது 27. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு என்றிருந்த காலம். குடியுரிமையை உருவாக்கும் உரிமைகளில் முக்கியமானவை இரண்டு என்றார்: பிரதிநிதித்துவம் பெறும் உரிமை, அரசுப் பதவி வகிக்கும் உரிமை. நீங்கள் கோச்சிங் நோட்ஸை மடியில் வைத்துக்கொண்டு படிப்பது அந்த இரண்டாவதற்காகத்தான். வேலை, சம்பளம், கல்யாணம் எல்லாம் இருக்கட்டும், அப்புறம் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1948 நவம்பர் 4 அன்று வரைவை அறிமுகப்படுத்தும்போது அவர் சொன்ன ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். அரசமைப்புச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், நிர்வாகம் நடக்கும் விதத்தை மட்டும் மாற்றியே அந்தச் சட்டத்தைக் கெடுத்துவிடலாம் என்றார். அரசமைப்பு ஒழுக்கம், அதாவது அரசமைப்பின் முறைகளை மதித்து நடக்கும் பழக்கம், தானாக வருவதில்லை, பழகித்தான் வர வேண்டும். நம் மக்கள் அதை இனிமேல்தான் கற்க வேண்டும் என்றும் சொன்னார். யோசித்துப் பாருங்கள். சட்டத்தைக் கெடுக்கப் பெரிய சதி எதுவும் வேண்டாம். ஒரு இளநிலை உதவியாளர் மனுவைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் போதும். ஒரு கிராம நிர்வாக அலுவலர் எதிரில் நிற்பவரிடம் நாற்காலியைக் காட்டாவிட்டாலும் போதும்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே 1949 உரையில் சத்தியாகிரகம், ஒத்துழையாமை, சட்டமறுப்பு எல்லாவற்றையும் கைவிடுங்கள், அவை அராஜகத்தின் இலக்கணம் என்கிறார். 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தவர் சொல்கிறார்! காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து பழகிய நாம் இதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் ஒரு நிபந்தனை வைத்தார். அரசமைப்பு வழி திறந்திருக்கும்போது மற்ற வழிக்கு நியாயம் இல்லை என்றார். வழி அடைத்திருந்த காலத்தில் நியாயம் இருந்தது என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை 19-ஆவது பிரிவிலேயே இருக்கிறது, ஆகவே குடத்தோடு கூடுவது குற்றமில்லை. ஆனால் எத்தனை தடவை மனு போட்டு, பதில் வாங்கி, மேல்முறையீடு செய்துவிட்டு ரோட்டுக்குப் போகிறோம்? பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. நம்மைப் பற்றிக் கேட்கிறேன்.

இன்னொன்று, சுருக்கமாக. சகோதரத்துவம் இல்லையென்றால் சுதந்திரமும் சமத்துவமும் பெயிண்ட் பூச்சின் கனம்தான் என்றார். அதற்கு நம் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பின்னி துணி ஆலைத் தொழிலாளர்கள் ஒரே சங்கமாக நின்றார்கள். மூன்றே வருடம். 1921 வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்தார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பூச்சு உரிய அவ்வளவு நாள்தான் பிடித்தது. இன்றைக்கும் ஒரு தெருவுக்கு லாரி வந்தால் அடுத்த தெரு எக்கேடும் கெடட்டும் என்றுதானே இருக்கிறோம்? நாம் கொடுக்கும் மனுவில் அடுத்த தெருவின் பெயர் இருக்கிறதா?

பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: "மனு குடுத்தா குப்பையிலதான தம்பி போடுறாங்க?" போடலாம் அக்கா. அதனால் கொடுத்தவுடன் தேதியும் முத்திரையும் வைத்த ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, இந்தத் தேதியில் கொடுத்த மனுமேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், 2005-லிருந்து அதுதான் சட்டம்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இதே படிப்பகத்தில் மனு எழுத உட்காருகிறோம். பிரச்சினை என்ன, எந்தத் தெரு, எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். எழுதுவதற்குக் காசு கிடையாது. முதல் வரியில் "ஐயா, வணக்கம்" என்று இருக்கும், அதற்கு மேல் எதுவும் இருக்காது.