ஒரு நாள் கடற்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்து மக்களின் பொழுதுபோக்கு என்றதும் கிரிக்கெட்டும் கால்பந்தும்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது அங்குள்ள சாதாரணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த கடற்கரையைப் பற்றி. அங்கே வெயிலை நம்ப முடியாது. கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். ஆனாலும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். உழைப்பாளிக்கு விடுமுறை என்று ஒன்று கிடைத்த காலத்தில் வேரூன்றிய வழக்கம் அது.

1871-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பக் கொண்டுவந்த சட்டம் ஆண்டில் நான்கு நாட்களை இங்கிலாந்தில் வங்கி விடுமுறை ஆக்கியது. வங்கி மூடினால் வியாபாரம் ஓடாது. அதனால் மற்ற தொழில்களும் மெல்ல மெல்லக் கதவைச் சாத்தின. அதற்குள் ரயில் பாதைகளும் கடற்கரை ஊர்களை எட்டிவிட்டன. வடமேற்கு இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு ரயில் வந்தது 1846-இல்.

பிளாக்பூலை வளர்த்தவர்கள் அது இருக்கும் லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள். ஒவ்வோர் ஆலை நகரத்துக்கும் கோடையில் ஒரு வாரம் உண்டு. 'வேக்ஸ் வாரம்' என்பார்கள். பழைய தேவாலயத் திருவிழாவில் இருந்து வந்த பெயர் அது. அந்த வாரம் ஊரில் எல்லா ஆலைகளும் ஒரே சமயத்தில் நிற்கும். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர் என்று முறை வைத்தாற்போல் வரும். அதனால் பிளாக்பூலுக்குக் கோடை முழுவதும் கூட்டம் குறையவில்லை. ஒரு தெருவே கிளம்பிப் போய், ஊரில் அடுத்த வீட்டில் இருந்தவர்கள் அங்கேயும் அடுத்த அறையில் தங்குவதுண்டு.

அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர் தீபாவளிச் சீட்டைப் போல, ஆண்டு முழுக்க வாரா வாரம் சில காசுகளைக் கட்டி, விடுமுறைக்கு முன்னால் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் 1938-இல்தான் வந்தது. அந்தக் கடற்கரைகளின் கேளிக்கைகள் எல்லாம் சில்லறைக் காசுக்குள் அடங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மணலில் கழுதைச் சவாரி, காசு போட்டு விளையாடும் இயந்திரம், மடக்கு நாற்காலியில் ஒரு மணி நேரம், காகிதத்தில் பொதிந்த மீனும் சிப்ஸும். கோடுபோட்ட துணிக்கூண்டுக்குள், பஞ்ச் என்ற கோமாளியும் அவன் மனைவி ஜூடியும் வரும் பொம்மலாட்டம். இந்தப் பஞ்ச் பழைய ஆள். 1662 மே மாதத்திலேயே லண்டன் கோவன்ட் கார்டனில் அவனைப் பார்த்ததாகச் சாமுவேல் பெப்பிஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பஞ்சின் கீச்சுக் குரலுக்காக ஆட்டுபவர் வாய்க்குள் ஒரு சிறு ஊதியை அடக்கிக்கொள்வார். மற்ற பொம்மைகளுக்குச் சொந்தக் குரலில் பேசவேண்டும். நொடிக்கு நொடி குரலை மாற்றும் அந்தத் திறமைக்கு எவ்வளவு கைதட்டினாலும் தகும்.

அப்புறம் 'ராக்' மிட்டாய். ஒரு குச்சி நீளம், பெப்பர்மின்ட் வாசனை, கடிக்கக் கடிக்க உள்ளே ஊரின் பெயர் வந்துகொண்டே இருக்கும். காய்ச்சிய சர்க்கரைப் பாகில் ஒரு பகுதியை இழுத்து இழுத்துக் காற்றேற்றி வெள்ளையாக்குவார்கள். இன்னொரு பகுதிக்கு நிறம் சேர்ப்பார்கள். இரண்டையும் பட்டைகளாக அடுக்கி ஒவ்வொரு எழுத்தையும் பெரிய கட்டையாகக் கட்டுவார்கள். சதுர வடிவ எழுத்துகள் குலையாமல் நிற்கும் என்பதால் அவை முதலில், வட்ட எழுத்துகள் கடைசியில். எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிய குண்டு உருளையைச் சூடு ஆறுவதற்குள் உருட்டி நீட்டினால், எழுத்துகளும் அதோடு சிறுத்துக்கொண்டே போகும். கையால் செய்கிற நேர்த்தியான வேலை. ஒரு சிறுவர் மிட்டாய்க்கு இவ்வளவு கவனமா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவை கரையில் இருந்து கடலுக்குள் நீளும் கடற்பாலங்கள். படகுத்துறையாகத் தொடங்கி, கடல்மேல் உலாவும் இடமாக மாறியவை. பிளாக்பூலில் மட்டுமே மூன்று இருக்கின்றன. 1863-இல் திறந்த வடக்குப் பாலம் வசதியானவர்களுக்கு என்று ஆனது. 1868-இல் வந்த நடுப் பாலத்தில் திறந்தவெளி நடனம் இருந்தது. ஆலைத் தொழிலாளர்கள் அங்கேதான் திரண்டார்கள்.

நாடு முழுவதும் ஒரு காலத்தில் நூறு பாலங்கள் அளவுக்கு இருந்தன. இப்போது பாதிதான் மிச்சம். பிரைட்டனின் மேற்குப் பாலம் 1975-இல் மூடப்பட்டு, 2003-இல் எரிந்து, இன்று கடலுக்குள் இரும்பு எலும்புக்கூடாக நிற்கிறது. கிளீவ்டன் ஊரிலோ 1970-இல் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தபோது, இடித்துத் தள்ள ஊர் மக்கள் விடவில்லை. போராடிப் பணம் திரட்டி 1989-இல் மறுபடி திறந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

லண்டன் பக்கம் போகும் வாய்ப்பு வந்தால் ஒரு நாள் சவுத்எண்டுக்குப் போய்ப் பாருங்கள். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே கடல் வற்றும்போது ஒரு மைலுக்கும் மேல் பின்வாங்கிச் சேறாகிவிடும். கப்பல் அணைய ஆழமான தண்ணீர் வேண்டுமே, அதற்காகப் பாலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். இன்று அதன் நீளம் 2.16 கிலோமீட்டர். உலகிலேயே மிக நீளமான உல்லாசக் கடற்பாலம் அதுதான். அதன் மேலேயே ஒரு சின்ன ரயிலும் ஓடுகிறது. போகும்போது நடந்து போங்கள், வரும்போது ரயிலில் வாருங்கள். காற்று பலமாக இருக்கும், மேல்சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.