"நீ போகலாம்": மூன்று தலைவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தலைமைப் பண்பைப் பற்றிப் பேச வந்தால் வீர உரைகளில் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அவற்றில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தன்னை நம்பி நிற்கிறவனிடம் "நீ போகலாம்" என்று ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்த்தால் போதும், ஆளைத் தெரிந்துகொள்ளலாம். 1954, 55ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்த டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் ஒரே போரில் மூன்று தலைவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

முதலில் டெனதோர். கோண்டோர் நாட்டில் அரசன் இல்லாமல் பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. அரசன் பெயரால் ஆளும் காவலர் பரம்பரையில் வந்தவர் இவர். அரியணை காலியாகவே இருக்கும். அதன் கீழ்ப்படியில், வேலைப்பாடு எதுவும் இல்லாத கருங்கல் இருக்கையில்தான் உட்காருவார். 2003இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இவர் ஒரு சாப்பாட்டு ராமனாகத்தான் நினைவில் இருப்பார். நூலில் உள்ளவர் வேறு ஆள்: கூர்மையானவர், உழைப்பாளி, கடமை தவறாதவர்.

அவரிடம் தொலைவில் நடப்பதைக் காட்டும் கல் ஒன்று உண்டு. கல் பொய் சொல்லாது. ஆனால் அதே போன்ற கல் எதிரி சாரோனிடமும் இருக்கிறது. எது கண்ணில் பட வேண்டும் என்பதை அவனால் வளைக்க முடிகிறது. கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வருவதை டெனதோர் பார்க்கிறார். அவற்றைக் கைப்பற்றி உதவிக்கு வந்துகொண்டிருப்பவன், கோண்டோர் அரச வம்சத்தின் வாரிசு அரகோர்ன் என்பது தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று தீர்மானித்துவிடுகிறார்.

அதற்கு முன்பே, திரும்பி வருவது கடினம் என்று தெரிந்தும், இளைய மகன் ஃபாரமிரைப் போர்முனைக்கு அனுப்பியிருக்கிறார். மூத்தவன் இறந்துவிட்டான். திரும்பி வந்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாக நினையுங்கள் என்று கேட்கிறான் மகன். நீ எப்படித் திரும்பி வருகிறாய் என்பதைப் பொறுத்தது அது என்கிறார் அப்பா. பிறகு, குற்றுயிராய்க் கிடக்கும் அந்த மகனோடு சேர்ந்து தானும் தீக்குளிக்க முடிவெடுத்ததும், தன்னிடம் பணிக்குச் சேர்ந்த, ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த பிப்பினைப் பார்த்து, உன்னை விடுவித்துவிட்டேன், போய் உனக்குப் பிடித்த விதத்தில் செத்துப்போ என்கிறார். நம்பிக்கை செத்தவர் கொடுக்கும் விடுதலை இப்படித்தான் இருக்கும்.

ரோஹன் நாட்டு அரசர் தியோடன் முதியவர், பாசக்காரர். படை புறப்படும்போது தன்னிடம் பணிக்குச் சேர்ந்த இன்னொரு ஹாபிட்டான மெரியிடம், பணியிலிருந்துதான் உன்னை விடுவிக்கிறேன், நட்பிலிருந்து அல்ல என்கிறார். எவ்வளவு இதமான சொல்! ஆனாலும் மெரிக்கு அது வலிக்கிறது. சொந்த மகளைப் போல் வளர்த்த தங்கை மகள் எயோவினையும் மக்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நிறுத்திவிட்டார். இருவரும் அவருக்குத் தெரியாமல் படையோடு போகிறார்கள். அரசர் களத்தில் விழுந்தபோது அவர் பக்கத்தில் நின்று, எதிரிப் படைத் தலைவனை வீழ்த்தியவர்கள் அந்த இருவர்தான். அன்பானவர்கள்கூட ஆளை எடைபோடுவதில் தவறிவிடுகிறார்கள்.

அரகோர்னிடம்தான் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். ஏழாயிரம் பேர் கொண்ட படையோடு எதிரியின் வாசலுக்கே போகிறான். வெல்வோம் என்று யாரும் நினைக்கவில்லை. சாரோனின் மோதிரத்தை அழிக்க ரகசியமாக அவன் நாட்டுக்குள் போயிருக்கும் நண்பர்கள்மேல் விழாதபடி, எதிரியின் பார்வையைத் தங்கள் பக்கம் திருப்புவதுதான் நோக்கம். சாரோனின் நாடான மோர்டோரின் எல்லைப் பாழ்நிலத்தைக் கண்டதும் படையில் சிலருக்குக் கால் நகரவில்லை. ரோஹனிலிருந்து வந்த இளைஞர்கள், கோண்டோரின் லாசர்னாக்கிலிருந்து வந்த உழவர்கள். சிறுவயது முதல் மோர்டோரைத் தீமையின் பெயராக, ஏதோ கதையாக மட்டுமே கேட்டிருந்தவர்கள்.

திரைப்படத்தில் அரகோர்ன் குதிரையில் வந்து அனல் பறக்கப் பேசுவான். எனக்கும் பிடித்த காட்சிதான். நூலில் அந்தப் பேச்சே கிடையாது. அவர்களை இரக்கத்தோடு பார்த்து, போங்கள், ஆனால் ஓடாதீர்கள் என்கிறான். கூடவே ஒரு வேலையும் தருகிறான்: எதிரி பிடித்திருக்கும் கேய்ர் ஆண்ட்ராஸ் தீவை மீட்டுக் காவல் காக்க வேண்டும். அந்த இரக்கத்தைக் கண்டு வெட்கப்பட்டுச் சிலர் பயத்தை விழுங்கிக்கொண்டு அவனோடேயே நடக்கிறார்கள். மற்றவர்கள் தங்களால் முடிந்த ஒரு வேலை கிடைத்த தெம்பில் திரும்பிப் போகிறார்கள். படை ஆறாயிரத்துக்கும் கீழே குறைகிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு ஆளும் தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

முடிசூடியபின் அவன்முன் பெரெகோண்ட் என்ற காவல்வீரன் நிறுத்தப்படுகிறான். ஃபாரமிரைத் தீயிலிருந்து காப்பாற்ற, அனுமதியில்லாமல் காவலைவிட்டு ஓடியவன். கல்லறை வளாகத்தில் தன் நாட்டாரையே வெட்டியவன். பழைய சட்டப்படி மரண தண்டனை. அதைத் தள்ளுபடி செய்தாலும், கோட்டைக் காவலில் இனி உனக்கு இடமில்லை, நகரத்தைவிட்டே போக வேண்டும் என்கிறான் அரகோர்ன். பெரெகோண்டின் முகம் வெளிறிப்போகிறது. அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்கிறான்: ஃபாரமிரின் மெய்க்காவல் படைக்கு, அதன் தலைவனாக.

நன்றி, வணக்கம்.