பாதியில் நிறுத்திய சாலை

நேயர்களுக்கு வணக்கம்.

கணினிக்குள் சாலைகளை அமைத்து, ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓடவிட்டு, சிக்னல் நேரத்தை மாற்றினால் நெரிசல் கூடுமா குறையுமா என்று முன்கூட்டியே பார்ப்பதுதான் போக்குவரத்துச் சிமுலேஷன். ஓடிக்கொண்டிருக்கும் சிமுலேஷனை நடுவில் நிறுத்தி, அந்தக் கணத்தின் நிலையை ஒரு கோப்பில் சேமித்து, பிறகு அங்கிருந்தே தொடரவும் செய்யலாம். கேட்பதற்கு எளிய வேலை. இதில் நான் பட்ட பாட்டைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சிமுலேஷன் தொடங்கும்போது சாலைகள் காலியாக இருக்கும். வண்டிகள் புகுந்து, சாலை நிரம்பி, சிக்னல்களில் வரிசை நின்ற பிறகுதான் அளவெடுக்கத் தகுந்த போக்குவரத்து கிடைக்கும். அப்படி நிரம்புவதற்குக் கணினி பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 200 சிக்னல் திட்டங்களைச் சோதிக்க வேண்டுமென்றால், நிரப்புவதற்கு மட்டுமே 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கும் மேல் போய்விடும். ஒருமுறை நிரப்பிச் சேமித்துவிட்டால் அந்தச் செலவு பத்தே நிமிடம். ஒரு விபத்தால் ஒரு தடம் அடைபட்டால் அடுத்த அரை மணியில் என்ன ஆகும் என்று பார்ப்பவர்களுக்கும், சிக்னலைத் தானே கற்றுக்கொள்ள வைக்கும் ஆய்வில் இருப்பவர்களுக்கும் இது இல்லாமல் கை ஓடாது.

சரி, எதைச் சேமிப்பது? ஒவ்வொரு வண்டியும் எந்தத் தடத்தில், எத்தனையாவது மீட்டரில், என்ன வேகத்தில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது ஒரு புகைப்படத்தில் தெரிகிற அளவுதான். புகைப்படத்தில் விழாதவை நிறைய இருக்கின்றன. சிவப்பு விளக்கு எரிவது தெரியும். எரியத் தொடங்கி எத்தனை வினாடி ஆயிற்று என்பது தெரியாது. வண்டி நிற்பது தெரியும். அது போகவேண்டிய மீதி வழி தெரியாது. சாலை வலையமைப்புக்குள் நுழைய இடம் கிடைக்காமல் வாசலில் காத்திருக்கும் வண்டிகள் படத்திலேயே இருக்காது.

இவற்றையெல்லாம்விடக் கண்ணுக்குத் தெரியாதது ராண்டம் எண்களின், அதாவது பகடை உருட்டியதுபோல் விழும் எண்களின், நிலை. ஓட்டுநர் சற்றே தாமதித்துக் கிளம்புவது, காரணமில்லாமல் வேகம் குறைப்பது போன்ற மனித இயல்புகளைச் சிமுலேஷன் ராண்டம் எண்களைக் கொண்டுதான் உண்டாக்குகிறது. அந்த எண்களைத் தரும் கருவிக்கும் ஒரு நினைவு உண்டு. மெர்சென் ட்விஸ்டர் என்ற பெயர்பெற்ற முறை 624 எண்களைத் தன்னுள் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்லும். அவற்றைச் சேமிக்காவிட்டால், சாலை அதே சாலையாக இருந்தாலும் அடுத்த வினாடியிலிருந்து கதை வேறு. ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தில் பிறந்த சூமோ என்ற திறந்த மூலப் போக்குவரத்துச் சிமுலேஷன் மென்பொருளில் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், சொல்லாவிட்டால் சேமிக்காது. சாலை வரைபடமும் அந்தக் கோப்பில் இருக்காது. அதே வரைபடத்தை நாம்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் எழுதுகிறோம் என்பதும் சிறிய விஷயமல்ல. 1961-ல் எட்வர்ட் லோரென்ஸ் என்ற வானிலை அறிஞர், தம் கணினி ஓட்டிக்கொண்டிருந்த கணக்கை நடுவிலிருந்து மறுபடி தொடங்க நினைத்தார். அச்சிட்ட தாளைப் பார்த்து எண்களைக் கொடுத்தார். கணினிக்குள் இருந்தது 0.506127, தாளில் இருந்தது 0.506. கொஞ்ச நேரத்தில் இரண்டு வானிலைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போயின. குழப்பக் கோட்பாட்டின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். எனக்கோ இது நிலையை முழுதாகச் சேமிக்காமல் மீட்டெடுத்த கதை. நெரிசலான சாலையிலும் இப்படித்தான்: பச்சை முடியும் தறுவாயில் ஒரு வண்டி அரை மீட்டர் பின்னால் இருந்தால் அது நின்றுவிடும், அதன் பின்னால் வருகிற அத்தனை வண்டிகளும் நிற்கும்.

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். பழைய சிக்னல் திட்டத்தைத் தொடக்கத்திலிருந்து நேராக ஓட்டினேன். புதிய திட்டத்தைச் சேமித்த நிலையிலிருந்து ஓட்டினேன். புதியதில் சராசரிக் காத்திருப்பு நன்றாகக் குறைந்திருந்தது. பல நாள் அதை நம்பினேன், மற்றவர்களிடம் சொல்லவும் செய்தேன். உடன் வேலை செய்த ஒருவர், "பழைய திட்டத்தையும் சேமித்த இடத்திலிருந்தே ஓட்டிப் பாருங்களேன்" என்றார். ஓட்டினேன். பழைய திட்டமும் ஏறக்குறைய அதே அளவு மேம்பட்டிருந்தது. மீட்டெடுத்த வண்டிகள் அதுவரை காத்திருந்த நேரம் கோப்பில் இல்லை. எல்லோரும் அப்போதுதான் வந்து நின்றவர்கள்போல் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்பட்டிருந்தார்கள். சாலையில் எதுவும் மாறவில்லை. அதன் கடந்த காலத்தை நான் தொலைத்திருந்தேன். வாயடைத்துப் போனேன். அந்த எண்ணை நம்பி யாராவது ஒரு சந்திப்பின் சிக்னலை மாற்றியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

ராண்டம் நிலையை எப்போதும் சேமித்தே ஆக வேண்டுமா என்றும் கேட்பார்கள். அது நம் கேள்வியைப் பொறுத்தது. இரண்டு திட்டங்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே பகடை, அதாவது ஒரே ராண்டம் எண் வரிசை, நல்லது. ஆனால் எல்லா வண்டிகளும் ஒரே பகடையை வரிசையாக உருட்டினால், ஒரு வண்டி முன்னதாக வெளியேறிய உடனே வரிசை நகர்ந்து, ஒருவருக்கு விழ வேண்டியது இன்னொருவருக்கு விழும். வண்டிக்கு வண்டி தனிப் பகடை கொடுப்பதே என் தேர்வு. மாறாக, அடுத்த அரை மணியில் என்னென்ன நடக்கக்கூடும் என்று அறிய வேண்டுமானால், ஒரே நிலையிலிருந்து வேறு வேறு பகடைகளோடு பலமுறை ஓட்ட வேண்டும். அப்போதும் அவை அனைத்துக்கும் கடந்த காலம் ஒன்றுதான் என்பதை மறக்கக்கூடாது. ஒரே ஒரு காலைப் பொழுதை வைத்து எல்லாக் காலைகளையும் பற்றிப் பேச முடியாது. அதனால் நான் வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து பல நிலைகளைச் சேமித்துவைக்கிறேன்.

இப்போது எந்த மென்பொருளை எடுத்தாலும், வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்கிறேன். எதையும் மாற்றாமல் இரண்டு மணி நேரம் நேராக ஓட்டுவேன். அதே ஓட்டத்தை 3,600-ஆவது வினாடியில் சேமித்து, கணினியில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மீட்டெடுத்துத் தொடர்வேன். பிறகு வினாடிக்கு வினாடி, வண்டிக்கு வண்டி, இரண்டையும் ஒப்பிடுவேன். முதன்முதலில் எந்த வண்டி விலகுகிறதோ, கோப்பில் விடுபட்டது எது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். கடைசியாகச் செய்தபோது விலகியது ஒரு பேருந்து. நிறுத்தத்தில் இருபது வினாடி நிற்க வேண்டியது. சேமிக்கும் கணத்தில் பன்னிரண்டு வினாடி நின்று முடித்திருந்தது. மீட்டெடுத்த பிறகு மறுபடி முழு இருபது வினாடியும் நின்றது.