உரைகல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பவுன்காசுகளை, அதாவது பிரிட்டிஷ் காலத்துத் தங்கச் சவரன் காசுகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கூப்பிட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் வங்கியில் நகை மதிப்பீட்டாளராக, அதாவது எல்லாரும் சொல்கிற அப்ரைசராக, இருந்தவன் நான். காசு என்று யார் கொண்டுவந்தாலும் எடை என்ன, மாற்று என்ன, கிராமுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதோடு என் வேலை முடிந்துவிடும். காசின் முகத்தில் யார் இருக்கிறார் என்றுகூடப் பார்த்ததில்லை. சேகரிப்பவர்களோ அந்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள், அதுவும் மூக்கு நுனியையும் புருவத்தையும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள்!

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது என் கையாலேயே ஒரு காசைக் கெடுத்த பிறகுதான். எங்கள் ஆச்சியின் பெட்டியில் ஒரே ஒரு பவுன்காசு இருந்தது, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிது, உரைகல்லும் அமிலமும் கையில் இருக்கிற திமிர். வீட்டில் எல்லாரும் பார்க்க விளிம்பை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, இருபத்திரண்டு காரட் சரியாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். அதோடு விட்டேனா? பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி ஆச்சி கையில் கொடுத்தேன். "புதுசு மாதிரி ஆயிட்டே" என்று ஆச்சிக்குச் சந்தோஷம். பல வருஷம் கழித்து, காசு சேகரிக்கிற நண்பர் ஒருவர் அதை விளக்கடியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை யார் தேய்ச்சது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

சரி, அவர் என்ன பார்த்தார்? அதைச் சொல்கிறேன். புதிதாக அடித்த காசில், அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை விட்டிருக்கும். ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துத் திருப்பினால், அந்தக் கோடுகளில் பட்ட ஒளி இரண்டு விசிறி விரித்தாற்போல வட்டமாகச் சுற்றிவரும். புழங்கப் புழங்க இது மேடான இடங்களில் முதலில் போகும், அப்புறம் சமதளத்தில் போகும். தேய்த்துக் கழுவிய காசில் ஒளி சுற்றாது, கண்ணாடி மாதிரி ஒரேயடியாக அடிக்கும், இல்லாவிட்டால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அது போனால் போனதுதான், எந்த ஆசாரியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே பார்க்கிற முறை இதுதான். மேசையில் மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், கைதவறி விழுந்தால் காசுக்கு அடி படாது, தங்கம் மென்மையான உலோகம். காசை இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள், முகத்தில் கட்டைவிரல் படக்கூடாது. டியூப்லைட் வேண்டாம், ஒரு குண்டு பல்பு போதும். முதலில் வெறுங்கண்ணால் சாய்த்துப் பாருங்கள், அப்புறம் ஐந்து மடங்கோ பத்து மடங்கோ பெருக்கும் லென்ஸ். ஐந்தாம் ஜார்ஜ் காசில் தேய்மானம் ஆரம்பிக்கிற இடங்கள் ராஜாவின் புருவம், மீசை, தாடி, காதுக்கு மேலே உள்ள முடி. பின்பக்கம் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற அச்சுச் சிற்பி செய்த உருவம், 1817லிருந்து வருகிறது: புனித ஜார்ஜ் குதிரைமேல் இருந்து கீழே கிடக்கிற டிராகனை, அதாவது பறவைநாகத்தைக் குத்துகிறார். அதில் குதிரையின் தோளையும் வீரனின் தொடையையும் தலைக்கவசத்தையும் பாருங்கள். அந்த மேடுகளின் நிறம் சுற்றியுள்ள தளத்தைவிட மங்கியிருந்தால் காசு புழங்கியது என்று அர்த்தம்.

ஒன்று கவனிக்க வேண்டும், சின்னச் சின்னக் குத்துகள் எல்லாம் தேய்மானம் ஆகாது. காசு அடித்தவுடன் ஆயிரக்கணக்கில் பையில் கொட்டிக் கொண்டுபோவார்கள், ஒன்றோடொன்று முட்டி மேலெல்லாம் வடு விழும். ஒருநாள்கூடப் புழங்காத காசிலும் அது இருக்கும். புழங்காத காசுகளுக்குள்ளேயே மேல் கீழ் பிரிப்பது பெரும்பாலும் இந்த வடுக்களின் எண்ணிக்கையை வைத்தும், அவை கன்னத்தில் இருக்கிறதா முடிக்குள் ஒளிந்திருக்கிறதா என்பதை வைத்தும்தான். ராஜா கன்னத்தில் ஒரு வெட்டு, முடிக்குள் இருக்கிற பத்து வெட்டுக்குச் சமம்.

இதற்கு எண் போடுகிற வழக்கம் அமெரிக்காவில் வந்தது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949ல் அந்நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவு வகுத்தார், பிறகு அதுவே எல்லாக் காசுக்கும் வந்துவிட்டது. 60லிருந்து மேலே புழங்காதது, 50களில் லேசாகத் தொட்ட தேய்மானம், 40களில் மேடுகள் எல்லாம் கொஞ்சம் மழுங்கியது, இப்படியே இறங்கும். எண்ணைவிடக் கண்தான் முக்கியம் என்பது என் கட்சி, ஒரே காசுக்கு இரண்டு நிபுணர் இரண்டு எண் சொல்வது சாதாரணம். அதோடு, சாதாரண வருஷத்துப் பவுன்காசு என்றால் தங்கத்தின் விலைதான் பெரும்பகுதி, தரத்துக்காகக் கூடுவது கொஞ்சம்தான். எண்ணைக் காட்டி யாராவது ஏழெட்டு மடங்கு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆச்சியின் காசு 1918. பின்பக்கம் வருஷ எண்ணுக்கு மேலே, தரைக்கோட்டின் நடுவில், ஆங்கில எழுத்து ஐ பொடியாக இருக்கும். பம்பாயில் அடித்தது என்று அடையாளம். முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே பவுன்காசு அடித்தார்கள், அந்த ஒரு வருஷ எண்ணோடு சரி. பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் அடித்திருக்கிறார்கள், அதனால் அபூர்வம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நம் நாட்டில் அடித்த ஒரே பழைய பவுன்காசு என்று தேடுகிறவர்கள் உண்டு. தேடுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, தேய்த்திருக்கிறதா என்பதுதான்.

நம் பக்கத்தில் பவுன்காசுக்கு இன்னொரு கண்டம் காசுமாலை. வளையம் பற்றவைத்த காசுக்குத் தலைக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு தடம் இருக்கும். வளையத்தை எடுத்து அராவி விட்டிருந்தாலும், அந்த இடத்தில் விளிம்பைச் சுற்றியுள்ள வரிப்பல் மழுங்கியிருக்கும், ஒட்டவைத்த பற்றாசின் நிறம் ஒரு சாயல் வேறாக இருக்கும். முகத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள், விளிம்பை முழுச் சுற்றும் உருட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட காசுக்குச் சேகரிப்பு மதிப்பு ஏறக்குறைய இல்லை. தங்க விலை எப்போதும் உண்டு.

பணம் என்று பெயர் கொண்ட திருவிதாங்கூர்ப் பொடித் தங்கக் காசுகள் வேறு கதை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது, அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அரைக் கிராம்கூட வராத, துவரம்பருப்பு மாதிரியான பொன்பணம் இன்னமும் கிடைக்கிறது. கையால் அடித்தது. அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, உருவம் எவ்வளவு முழுசாக இருக்கிறது, வளைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், புருவம் மீசை எல்லாம் அங்கே செல்லாது. அப்புறம், வீட்டுப் பெட்டியில் கிடைப்பது வேறு, மண்ணுக்குள் கிடைப்பது வேறு. மண்ணில் கிடைத்தால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எடையும் பார்க்கத்தான் வேண்டும், அப்ரைசர் புத்தி போகுமா! நாம் கடையில் பவுன் என்றால் 8 கிராம், காசோ 7.988 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். தேய்ந்து 7.937க்குக் கீழே போனால் பிரிட்டிஷ் சட்டப்படி அது செல்லாக் காசு. உரைகல்லுக்குப் பதில் தண்ணீர் இருக்கிறது. நுணுக்கமான தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, காசை மெல்லிய நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 0.45 கிராம் பக்கம் காட்டினால் சரி, அதே எடையுள்ள பித்தளை என்றால் இரண்டு பங்கு காட்டும். பிறகு துடைக்காமல் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள்.

ஆனால் தண்ணீரும் பிடிக்க முடியாத போலி ஒன்று உண்டு. 1950, 60களில் பெய்ரூட் பக்கம் பவுன்காசு மாதிரியே அடித்தார்கள், தங்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குட்டு வெளிப்படுவது முகத்தில்தான்: எழுத்து மழுமழுவென்று இருக்கும், தளத்தில் கொப்புளம் மாதிரி சின்னப் புடைப்புகள், விளிம்பின் வரிகள் ஒழுங்கில்லாமல். வளைகுடாவில் இருந்து வந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் அப்படி ஒன்றை என்னிடம் காட்டினார். "பாய், தங்கம் சுத்தம், காசு பொய்" என்றேன். கொஞ்சநேரம் காசையே பார்த்தார். "நகைக்கு ஆகும்லா அண்ணாச்சி?" என்றார். ஆகும் என்றேன். "அப்போ மகளுக்கு கம்மல் ஆச்சு" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.